சுமுகக் கேசரி

எனக்கு ரவா கேசரி ஆகாது. நெய்யில் ரவை வறுபடும் வாசனை வந்தாலே வாயில் எச்சில் புளிக்கிறது. கல்யாணப் பந்தியில் இலையில் வைத்துவிட்டால் அதன்மேல் அப்பளத்தைக் கவிழ்த்து மூடிவிடுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் "சுகரா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் நீளமாகப் பேச வேண்டியிருக்கும். எனக்குப் பேச வராது. பத்தாவது வரை படித்ததில் எழுதத்தான் வரும்.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிற பெண்கள் இல்லத்தில் நான் சமையல் வேலை பார்க்கிறேன். வீட்டில் அடி வாங்கி, இனித் தாங்காது என்று கிளம்பி வருகிறவர்கள் தங்குகிற இடம். வாசலில் போர்டு கிடையாது. புருஷன்காரன் தேடி வந்துவிடக் கூடாதாம். ஆனால் அந்தப் புருஷனுக்குப் போன் போட்டு, ராஜகோபுரத்திலிருந்து எப்படி வர வேண்டும் என்று வழி சொல்வதே எங்கள் ஆபீஸ்தான். இதை நான் பல வருஷம் தப்பாக நினைத்ததே இல்லை.

புருஷன் வந்து மனைவியைக் கூட்டிக்கொண்டு போவதற்கு எங்கள் இல்லத்தில் 'சுமுகம்' என்று பெயர். பெரிய ரிஜிஸ்டரில் வந்த தேதி, வந்த காரணம், முடிவு என்று மூன்று கட்டங்கள் உண்டு. மூன்றாவது கட்டத்தில் எங்கள் மேடம் பச்சை மையில் 'சுமுகம்' என்று எழுதுவார். அன்றைக்கு நான் கேசரி கிண்ட வேண்டும். அந்தப் பெண்ணுக்குத் தலை நிறையப் பூ வைத்து, தானமாக வந்த சேலைகளில் நல்லதாக ஒன்று கட்டிவிட்டு, தட்டில் தேங்காய், மஞ்சள், ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்து, பெற்ற மகளை மாமியார் வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி அனுப்புவோம். புருஷனை மேடம் 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார். அதனால் நாங்களும் மாப்பிள்ளை என்போம். மாப்பிள்ளைக்கு முதலில் கேசரி, பிறகு காபி.

மேடம் கெட்டவர் இல்லை. அதையும் எழுத வேண்டும். கோயிலைச் சுற்றியே வாழ்கிற குடும்பம். ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் தன் வீட்டிலிருந்து மிளகு ரசம் கொண்டுவந்து கையால் ஊட்டுவார். சேர்த்து வைப்பது புண்ணியம் என்று நிஜமாகவே நம்பினார். அந்தப் புண்ணியத்தைக் கிண்டிக் கொடுத்தது நான்.

ஆபீஸ் ரூமுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் காபி நீட்டுவதற்கு ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக எல்லாம் கேட்கும். கவுன்சிலிங் என்று மேடம் செய்வது எனக்கு மனப்பாடம். "அவர் கை நீட்டறதுக்கு முன்னாடி நீ என்ன சொன்னே?" இதுதான் முதல் கேள்வி. "குடிக்காத நாள்ல நன்னாத்தானே இருக்கார்?" அடுத்தது. அப்புறம் பேச்சில் கோயில் தாயார் வந்துவிடுவார். "நம்ம ஊர்த் தாயார் படி தாண்டினதே இல்லைடிம்மா. பெருமாளே தேடிண்டு வருவார்." படி தாண்டி, சந்து தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வழி கேட்டு வந்த பெண் தலையைக் குனிந்துகொள்வாள்.

பங்குனி சமயத்தில் ஒரு நாள் எல்லோரும் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். மேடம் வந்து, "திவ்ய தம்பதிக்கே ஊடல் உண்டு. உறையூருக்குப் போயிட்டு வந்த பெருமாளை உள்ளே விடாம தாயார் கதவைச் சாத்திண்டுடுவா. மட்டையடின்னு உற்சவமே நடக்கும். அப்புறம் சேர்த்தி ஆயிடும். குடும்பம்னா அதுதான்" என்றார். அப்போது திருவெறும்பூரிலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். வாய்த்துடுக்கு. முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "ஆனா மேடம், அங்க மட்டையடி வாங்குறது பெருமாள்ல?" என்றாள்.

கீரைக் கட்டுகளுக்கு நடுவில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மேடத்துக்கே உதட்டோரம் துடித்தது. அடக்கிக்கொண்டு, "இந்த வாயாலதான்டி நீ இங்க வந்து உக்காந்துண்டிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. திருவெறும்பூர்க்காரி குனிந்து அடுத்த கீரைக் கட்டைப் பிரித்தாள்.

நான் சொல்ல வந்தது தொட்டியத்துப் பெண்ணைப் பற்றி. முப்பது வயது இருக்கும். வாழைத்தோட்டக்காரன் வீட்டு மருமகள். குழந்தை இல்லை. கன்னத்தில் வாங்கிய அறையில் இடது காது மந்தமாகிவிட்டது. யார் பேசினாலும் முகத்தை லேசாகத் திருப்பி வலது காதைக் கொடுப்பாள். முதல் தடவை வந்தபோது பதினைந்து நாள் இருந்தாள். மேடம் மூன்று முறை கவுன்சிலிங் செய்தார். பிறகு பச்சை மை.

அவள் எனக்குப் பாத்திரம் தேய்க்க ஒத்தாசையாக இருந்ததால் பாசம். புறப்படும்போது, என் சொந்த எவர்சில்வர் டப்பாவில் மிச்சக் கேசரியை நிரப்பி, "வீட்ல எல்லாருக்கும் குடும்மா" என்று கொடுத்தேன். மூடியில் ரப்பர் வளையம் போட்ட கனமான டப்பா. என் வீட்டுக்காரர் இருந்தபோது பெல் ஃபேக்டரி கேண்டீனுக்கு எடுத்துப்போனது. அவர் என்மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, கை நீட்டுகிறவனுக்கும் ஒரு வாய் இனிப்பு போனால் மனசு இளகும் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் திரும்பி வந்தாள். புருவத்துக்கு மேல் தையல். ஒரு பக்கக் கண் திறக்கவில்லை. ஆபீசுக்குக்கூடப் போகாமல் நேராகச் சமையல்கட்டுக்கு வந்து, பையிலிருந்து டப்பாவை எடுத்து மேடைமேல் வைத்தாள்.

"மன்னிச்சுக்கங்க அக்கா. டப்பா நசுங்கிடுச்சு."

ஒரு மூலை உள்ளே போயிருந்தது. அது அவள் புருவத்தில் பட்ட மூலை என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அவள் டப்பாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தாள். நான் பின்பக்கம் போய் வாய்க்கால் ஓரம் நின்று வாந்தி எடுத்தேன். அன்றிலிருந்துதான் இந்த வாசனை.

மேடம் அவளைப் பார்த்து அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவர் கை நீட்டறதுக்கு முன்னாடி நீ என்ன சொன்னே?" என்றார்.

அந்த மாதம்தான் புதிதாக ஒரு கவுன்சிலர் பெண்ணைப் போட்டார்கள். துவாக்குடியிலிருந்து பஸ்ஸில் வரும். செவ்வாயும் வியாழனும் மட்டும். இருபத்தாறு, இருபத்தேழு வயது. எல்லோரும் மிஸ் என்று கூப்பிட்டார்கள். முதல் நாள் ஆபீஸ் ரூமில் உட்காராமல் சமையல்கட்டுக்கு வந்து, "அக்கா, இங்க உட்காரட்டுமா?" என்று கேட்டது. பிறகு தொட்டியத்துப் பெண்ணிடமும் தனியாக அதையே கேட்டது. அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மிஸ் நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் அவள் தலையாட்டிய பிறகுதான் உட்கார்ந்தது. அதுவும் சுவர்ப்பக்கமாக. கதவுப்பக்கம் அவளுக்கு.

பிறகு நான் கேட்டதற்கு, "அவங்களுக்கும் வாசலுக்கும் நடுவுல நான் இருக்கக் கூடாது அக்கா. எந்திரிச்சுப் போக முடியும்னு தெரிஞ்சாத்தான் உட்காரத் தோணும்" என்றது.

அந்தப் பெண் கேள்வியே கேட்காது. கூட உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும். எனக்கு ஆரம்பத்தில் இதற்கா சம்பளம் என்றிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை தொட்டியத்துப் பெண்ணிடம், "டீயா, காபியா?" என்று கேட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். "எதுன்னாலும் சரி மிஸ்." நான் வழக்கம்போல டிக்காஷனைச் சாய்த்தேன்.

"அக்கா, இருங்க. அவங்க சொல்லட்டும்."

"அதான் எதுன்னாலும்னுட்டாளே."

"சொல்ற வரைக்கும் கலக்காதீங்க அக்கா. லேட்டானா ஆகட்டும்."

அன்று அவள் சொல்லவே இல்லை. மூன்று பேரும் எதுவும் குடிக்கவில்லை. பால் ஆடை கட்டியது. வியாழக்கிழமையும் அப்படித்தான். மிஸ் வராத நாட்களில் நானே கேட்க ஆரம்பித்தேன். கேட்டுவிட்டுச் சும்மா நிற்பேன். எனக்குச் சும்மா நிற்பது சிரமமில்லை. வாழ்க்கை முழுக்கச் செய்துவந்தது அதுதான். அவளுக்கு உதடு அசையும், நெற்றி வியர்க்கும். ஒரு காபி கேட்க ஒரு மனுஷிக்கு வியர்க்கிறது என்றால் அந்த வீட்டில் அவளை என்ன செய்து வைத்திருப்பார்கள் என்று எனக்கு அருவருப்பாக வரும். கூடவே, இத்தனை வருஷத்தில் எத்தனை பேருக்குக் கேட்காமலே டம்ளரைக் கையில் திணித்திருக்கிறேன் என்பதும் வரும்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில், பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "காபி. சக்கரை கம்மியா."

மிஸ்ஸிடம் சொன்னபோது, பரீட்சையில் பாஸான மாதிரி அது என் கையைப் பிடித்துக் குலுக்கியது.

புருஷன் சும்மா இருக்கவில்லை. ஆபீசுக்குத் தினம் போன். மேடம் உருகிவிட்டார். "அழறாராம்மா. ஒரு ஆம்பளை போன்ல அழறார்." வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை நல்ல நாள். மிஸ் வராத நாளும்கூட.

வியாழக்கிழமை மிஸ் அவளோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. 'போகாதே, போனால் கொன்றுவிடுவான்' என்று சொல்லும் என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை. "போறதும் போகாததும் உங்க முடிவு. இருந்தா என்ன செய்யலாம்னு பேசியிருக்கோம். போனாலும் நாங்க கோவிச்சுக்க மாட்டோம். திரும்பி வந்தா, ஏன் போனேன்னு யாரும் கேக்க மாட்டோம்" என்றது. போனால் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும், ஆதார் கார்டை யாரிடம் கொடுத்து வைக்க வேண்டும், சண்டை வந்தால் வீட்டில் எந்தக் கதவுப் பக்கமாக நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பேசினார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் எழுந்து உள்ளே போனதும், "ஒரு வார்த்தை போகாதேன்னு சொன்னா என்ன மிஸ்?" என்று கேட்டேன். அன்று அதிகமாகத்தான் பேசினேன்.

மிஸ் தலையை ஆட்டியது. "இத்தனை வருஷம் அவர் சொன்னதைக் கேட்டாங்க. இனிமே நான் சொல்றதைக் கேக்கணுமா அக்கா?"

வெள்ளிக்கிழமை காலை மேடம் ரிஜிஸ்டரைத் திறந்து முன்கூட்டியே பச்சை மையில் எழுதிவிட்டார். ராகு காலத்துக்கு முன்னால் எழுதிவிட வேண்டுமாம். "கேசரி பண்ணிடும்மா. முந்திரி தாராளமாப் போடு." மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு கிண்டினேன். கேசரிப் பவுடரின் அந்தச் சிவப்பு ஒரு மாதிரியாக இருந்தது.

ஒன்றே ஒன்று செய்தேன். ஆபீஸ் ரூமைப் பெருக்கும்போது, மேடத்தின் மேஜைக்கு எதிரே இருந்த இரண்டு நாற்காலிகளையும் இடம் மாற்றினேன். ஜன்னல் ஓரம் மாப்பிள்ளைக்கு. கதவுப்பக்கம் அவளுக்கு. யாரும் கவனிக்கவில்லை.

வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. தோளில் ஒரு பூவன் தார். "நம்ம தோட்டத்துக் காய்ங்க. பிள்ளைங்களுக்குக் குடுங்க" என்று கூடத்தில் இறக்கி வைத்தான். வாட்ச்மேன் உட்பட எல்லோருக்கும் கும்பிடு. எத்தனை நல்ல மனுஷன் என்று நினைக்கும்படிதான் இருந்தான். அவள் பூ வைத்த தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மந்தமான காது அவன் பக்கம் இருந்தது.

நான் கேசரித் தட்டோடு போனேன். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, அன்னிக்குக் குடுத்தனுப்பினீங்களே, அதே கேசரியா? அருமைங்க. எங்க வீட்ல சண்டை போட்டுக்கிட்டுச் சாப்பிட்டோம்."

சாப்பிட்டு முடித்த டப்பாவைத்தான் தூக்கி வீசியிருக்கிறான். அவன் விரல்களில் நெய் மினுங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சாணியை மிதித்துவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது. அதில் என் கைமணமும் இருக்கிறதே என்பதுதான் தாங்கவில்லை.

சம்மதித்துத்தான் போகிறேன் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டிய கடிதத்தை மேடம் எடுத்து வைத்து, "மாப்பிள்ளை, காபியா டீயா?" என்றார்.

"காபிங்க மேடம். அவளுக்கு ஒண்ணும் வேணாம். அவ எதுவும் குடிக்க மாட்டா."

"சரி, ஒரு காபி கொண்டாம்மா" என்றார் மேடம்.

நான் நகரவில்லை. அவள் பக்கம் திரும்பி, வலது காதுக்குக் கேட்கிற மாதிரிக் குனிந்து கேட்டேன். "உங்களுக்கு என்னம்மா வேணும்?"

வாங்க போங்க என்று அவளிடம் நான் பேசியதே அன்றுதான்.

"அதான் வேண்டாம்னுட்டாரே. நீ போ" என்றார் மேடம்.

நான் நின்றேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. சுவரில் கடிகாரம் ஓடியது. அவன் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். "அக்காவுக்குக் காது கேக்காது போல" என்று சிரித்தான். ஒரு காதைப் போக்கியவன் காது கேட்காததைப் பற்றி ஜோக் அடிக்கிறான். அவள் நெற்றியில் வியர்வை பூத்தது. தையல் தழும்பு வழியாக ஒரு சொட்டு இறங்கியது. உதடு அசைந்தது.

"காபி" என்றாள். "சக்கரை கம்மியா." கொஞ்சம் மூச்சு விட்டு, "சமையல்கட்டுலயே வந்து குடிச்சுக்கிறேன் அக்கா" என்றாள்.

எழுந்தாள். கதவு ஒரு எட்டில் இருந்தது. யாரையும் தாண்டாமல், யார் முழங்காலிலும் இடிக்காமல் வெளியே போய்விட்டாள்.

"ஏய்!"

ஒரே சொல்தான். ஆனால் அதுவரை மேடம், மேடம் என்ற குரல் அதில் இல்லை. தோட்டத்தில் மாட்டை அதட்டுகிற குரல்கூட அப்படி இருக்காது. மேடத்தின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. இத்தனை வருஷமாகக் கேட்காத ஒன்றை அவர் அப்போதுதான் கேட்டார் என்று நினைக்கிறேன். அவன் சுதாரித்துக்கொண்டு, "இல்லைங்க மேடம், அவளுக்கு மரியாதை தெரியாதுங்க, அதான்…" என்றான்.

மேடம் எழுந்து சமையல்கட்டு வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை. "என்னம்மா, கையெழுத்துப் போடறியா?" என்று கேட்டார். அவள் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, "நான் போகலைங்க மேடம்" என்றாள். ஏன் என்று மேடம் கேட்கவில்லை. அதற்குமுன் நீ என்ன சொன்னாய் என்றும் கேட்கவில்லை. திரும்பிப் போனார்.

அவன் கொஞ்ச நேரம் கூடத்தில் நின்று கத்தினான். எங்களுக்கெல்லாம் என்ன தொழில் என்று சொன்னான். அதை எழுத எனக்குக் கூசுகிறது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, பூவன் தாரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். பிள்ளைகளுக்கு என்று கொண்டுவந்த காய். சந்து முனை திரும்பும்வரை அந்தத் தார் மட்டும் ஆடி ஆடிப் போவது தெரிந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அவன்மேல் இருந்த பயம் போனது. மிச்சமிருந்தது அருவருப்பு மட்டும்.

மேடம் என்னைத் திட்டினார். "உன்னை யாரும்மா நடுவுல கேள்வி கேக்கச் சொன்னா?" ரிஜிஸ்டரில் பச்சை மையை அடித்து, மேலே 'ஒத்திவைப்பு' என்று எழுதினார். அடித்த இடத்தில் பேப்பர் கொஞ்சம் கிழிந்திருந்தது.

சுமுகங்கள் இப்போதும் நடக்கின்றன. மேடம் மாறிவிட்டார் என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்குக் கேசரி கிண்ட வராது என்று சொல்லிவிட்டேன். பத்து வருஷம் கிண்டியவளுக்கு வராதாம்! மேடம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடையில் சொல்லி வாங்கிக்கொள்கிறார். நாற்காலிகளை மட்டும் நான் மாற்றிப் போடுகிறேன். நசுங்கிய டப்பாவில் கல்லுப்பு போட்டு அடுப்புப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். மூடி சரியாக உட்காராது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் உருளி நிறையக் கேசரி மிச்சம். கொட்டிவிடலாம் என்று பின்பக்கம் தூக்கிக்கொண்டு போனேன். தொட்டியத்துப் பெண் வந்து தடுத்தாள். "எதுக்கு அக்கா கொட்டுறீங்க? எல்லாரும் சாப்பிடலாம்ல." தானே கிண்ணங்களை எடுத்து வந்து எல்லோருக்கும் வைத்தாள். பிள்ளைகள் விரலை நக்கினார்கள். கடைசியில் தனக்கும் ஒரு கரண்டி வைத்துக்கொண்டு, கதவோரமாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டாள். தலையிலிருந்த பூவை அதற்குள் எடுத்துவிட்டிருந்தாள்.

அவள் சாப்பிடுவதை என்னால் பார்க்க முடியவில்லை. குழாயைத் திறந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் அக்கா இருக்கு" என்றாள் முதுகுப்பக்கமிருந்து. "சக்கரைதான் ஜாஸ்தி. எனக்கு இவ்வளவு வேணாம்."